தனக்கோடி கேட்ட நாலு நாள்

காடாம்புலியூரில் முந்திரி மண்டி வைத்திருக்கும் தனக்கோடிக்கு ஒரு கொள்கை உண்டு. தனக்கு அவசரம் என்பதை எதிராளி மோப்பம் பிடித்துவிட்டால் வியாபாரம் படுத்துவிடும். அதனால் அவர் மனைவி மங்கலத்துக்கும் ஒரு சட்டம்: அவர் பேரம் பேசும்போது அவள் வாயைத் திறக்கக் கூடாது. கல்யாணமான புதிதில் ஜவுளிக்கடையில் ஒரு புடவையைப் பார்த்து "கலர் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டாள். அந்த மூன்று வார்த்தையை இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்டவருக்கு வலது தொடையிடுக்கில் குடலிறக்கம் வந்து சேர்ந்தது. எலுமிச்சம்பழம் போலப் புடைக்கும். மல்லாந்து படுத்து அமுக்கினால் உள்ளே போய்விடும். 2009 ஏப்ரல், கொட்டை வரத்து மும்முரமாக இருந்த நேரம். கடலூரில் டாக்டர் நடனசபாபதியிடம் போனார்கள். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, நாலு விரல் நீளம் கிழித்து, குடலை உள்ளே தள்ளி, ஓட்டை மேல் வலை வைத்துத் தைத்துவிடுவேன் என்றார் அவர். ஒன்றரை மாதம் மூட்டையைத் தொடக் கூடாதாம். தனக்கோடி பதினைந்து நாளுக்குக் கேட்டுப் பார்த்தார்.

"தச்ச எடம் ஒட்டறதுக்கு நான் தள்ளுபடி தர முடியாதுங்க" என்றார் டாக்டர்.

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்து, திரும்பக் கூப்பிடுவார் என்று வாசலில் இரண்டு நிமிஷம் நின்றார் தனக்கோடி. டாக்டர் கூப்பிட்டார், அடுத்த நோயாளியை.

அடுத்த வாரம் சிதம்பரம். அங்கே சுவாதி என்ற டாக்டரம்மா நீளமாகக் கிழிக்காமல் சின்ன ஓட்டை போட்டுச் செய்வதாகக் கேள்வி. கிளம்புகிற அன்று விடியற்காலையில் வெளியே வந்த புடைப்பு உள்ளே போகவில்லை. அப்படியும் மண்டி வேலையை முடித்துவிட்டு மத்தியானம்தான் கிளம்பினார். வடலூரில் பஸ் மாறும்போது இரண்டு தடவை வாந்தி எடுத்தார். சோடா வாங்கி வாயைக் கொப்பளித்துவிட்டு, இதை உள்ளே போய் உளறித் தொலைக்காதே, தெரிந்தால் பிடித்துப் படுக்க வைத்துவிடுவார்கள், அப்புறம் பேசவே வழியில்லை என்று மங்கலத்திடம் சொன்னார்.

டாக்டர் சுவாதி முதலில் பார்த்துவிடலாமே என்றாள். விவரத்தைச் சொல்லுங்கள், பொதுவாக விசாரிக்கத்தான் வந்தேன் என்றார் தனக்கோடி. அவள் காகிதத்தில் வரைந்து காட்டினாள். முழு மயக்கம் கொடுத்து, வயிற்றில் மூன்று சின்ன ஓட்டை போட்டு, கேமராவை விட்டு, அதே வலையை உள்பக்கமிருந்து வைப்பது. வலி குறைவு, பத்து நாளில் வேலைக்குப் போகலாம். ஆனால் நாலு விரல் கிழித்துச் செய்வதற்கும் இதற்கும் நாள்பட்ட பலனில் பெரிய வித்தியாசமில்லை என்றும் மறைக்காமல் சொன்னாள்.

தனக்கோடிக்குத் தெம்பு வந்துவிட்டது. கடலூரிலேயே அஞ்சு நாள் என்றார்கள் என்று கூசாமல் புளுகிவிட்டு, நாலு நாளில் வேலைக்கு விட்டுவிடுங்கள் என்றார். வலி, வாந்தி ஏதாவது உண்டா என்று அவள் கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

மங்கலம் பக்கவாட்டில் பார்த்தாள். அவர் மேலுதட்டில் வேர்வை. மேசைக்குக் கீழே வேட்டியை இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

"டாக்டர், காலைல நாலு மணிக்கு வெளிய வந்தது இன்னும் உள்ள போவல. வடலூர்ல ரெண்டு வாட்டி வாந்தி எடுத்தாரு. இப்பகூட வலிய அடக்கிக்கிட்டுத்தான் ஒக்காந்திருக்காரு."

சொன்னது தான்தானா என்று அவளுக்கே நம்ப முடியவில்லை. அவளைப் பார்த்த தனக்கோடியின் முகம், கடை பற்றியெரிவதைப் பார்க்கிறவன் முகம் போலிருந்தது. டாக்டர் அவரைப் படுக்க வைத்துத் தொட்டாள். கருங்கல் மாதிரி இருந்தது, தோல் சிவந்திருந்தது. அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"இனிமே மூணு ஓட்டையும் இல்ல, நாலு விரலும் இல்லம்மா. குடல் மாட்டிக்கிட்டு ரத்த ஓட்டம் நின்னுருக்கு. எவ்ளோ கிழிக்கணும்னு தொறந்தாதான் தெரியும். கையெழுத்து போடுங்க."

தள்ளுவண்டியில் படுத்தபடியே எத்தனை நாள் ஆகும் என்று தனக்கோடி கேட்டார். வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

இரண்டு மணி நேரம் கழித்து நர்ஸ் ஒரு தட்டோடு வெளியே வந்தாள். வெட்டி எடுத்ததை வீட்டு ஆளுக்குக் காட்டுவது அங்கே வழக்கம். துணியை விலக்கினாள். ஒரு சாண் குடல், கத்திரிக்காய்த் தோல் போலக் கறுத்துக் கிடந்தது. பின்னாலேயே டாக்டரும் வந்தாள். விடிந்ததும் நேரே வந்திருந்தால் இது உயிரோடு உள்ளேயே இருந்திருக்கலாம் என்றாள் டாக்டர். சீழ் பிடிக்கும் பயத்தால் வலையும் வைக்கவில்லை. மறுபடி இறங்கினாலும் இறங்கலாம். மூன்று மாதம் கனம் தூக்கக் கூடாது.

வடலூரிலேயே, அந்த சோடாக்கடையிலேயே கத்தியிருக்க வேண்டும் என்று மங்கலம் தன்னையே நொந்துகொண்டாள்.

மூன்றாம் நாள் காலை டாக்டர் வந்து, காற்று பிரிந்ததா என்று கேட்டாள். பிரிந்தால் குடல் வேலை செய்கிறது, கஞ்சி கொடுக்கலாம். பசியிலிருந்த தனக்கோடி கேள்வியை ஒரு நொடி எடை போட்டார்.

"தாராளமா போச்சுங்க."

"பொய் டாக்டர்" என்றாள் மங்கலம். "பிரியல. வயிறு உப்பிக்கிட்டு வலிக்குதுன்னு இப்பதான் எங்கிட்ட சொன்னாரு."

தண்ணீர்கூட வேண்டாம் என்று எழுதிய டாக்டர், அடுத்த கேள்வியை மங்கலத்தைப் பார்த்தே கேட்டாள்.