நகத்தைத் தப்பாகச் சொன்ன சி.டி.

பெபிஷாவுக்கு எழுத்தெல்லாம் தெரியும். சேர்த்து வாசிக்கத்தான் வராது. குமரிக் கடற்கரை ஊரான இனயத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அவளைப் போல அந்த வகுப்பில் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். அவர்களுக்காகத்தான் அஜிதா டீச்சர் 2012இல் ஒரு வேலையைத் தொடங்கினாள்.

கணவன் ஜான்ரோஸ் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த லேப்டாப் அவளிடம் இருந்தது. அதில் ஒரு பாடம் செய்தாள். மௌஸால் எழுத்தை அமுக்கினால் அதன் ஒலி கேட்கும். எழுத்துகளை வரிசையாக அமுக்கினால் வார்த்தை வரும். குரல் அவளுடையதுதான். மின்விசிறிச் சத்தம் விழாமலிருக்க வேர்த்து வழிந்துகொண்டே பதிவு செய்தாள். வீட்டில் நன்றாக ஓடியது பள்ளிக் கம்ப்யூட்டரில் ஊமையானது. எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. அதையெல்லாம் சரிசெய்து உட்கார்ந்தால் கரண்ட் போய்விடும். இரண்டு மாதம் இப்படிப் போயிற்று.

முடித்ததும் தலைமையாசிரியை சிஸ்டர் வியாகுலம்மாள் அதை சி.டி.யாக்கி ஒன்றியக் கண்காட்சிக்கு அனுப்பினார். முதல் பரிசு கிடைத்தது. கல்வி அலுவலகத்திலிருந்து மாவட்டத்துப் பள்ளிகளுக்கெல்லாம் நகல் போயிற்று.

அதற்கு அடுத்த வாரம்தான் பெபிஷா ந, க, ம் மூன்றையும் அமுக்கிவிட்டுத் திரும்பினாள்.

"டீச்சர், நக்கம்னா என்னது?"

அஜிதா தன் விரலை நீட்டி நகத்தைக் காட்டினாள்.

"அது நகம்லா! பின்ன இது ஏன் வேற மாதிரி சொல்லுது?"

அஜிதா மறுபடி அமுக்கிக் கேட்டாள். 'கடல்' என்பதில் வரும் அழுத்தமான 'க'வைத்தான் அவள் பதிவு செய்திருந்தாள். சொல்லின் நடுவில் வரும்போது அந்த எழுத்து மெலிந்து ஒலிக்கும். தினமும் அப்படித்தான் பேசுகிறாள், ஆனால் யோசித்ததேயில்லை. த, ப, ட எழுத்துகளும் அப்படித்தான்; கதவு, தபால், படம் எல்லாம் கெட்டிருந்தன. எழுத்து இரட்டித்து வரும் கப்பல் மட்டும் தப்பித்தது. சி.டி.யைக் கேட்டும் பிள்ளை வாசிக்கத் திணறியது பிள்ளையின் குற்றமில்லை என்று தெரிந்தபோது அவளுக்கு அழுகை முட்டியது.

வியாகுலம்மாளிடம் போனாள்.

"சர்ட்டிபிகேட் வாங்கியாச்சு அஜிதா. இனி போய் தப்புன்னு சொன்னா நமக்குல்லா கேவலம்?"

"பிள்ளைங்க தப்பால்லா படிக்கும் சிஸ்டர்."

"எவன் கவனிக்கப் போறான்? விடு."

அஜிதா விடவில்லை. இரண்டு வகை ஒலிகளையும் பதிந்து, சொற்களை முழுதாகவும் சொல்லிப் புதிதாகச் செய்தாள். தன் வகுப்பில் அதையே போட்டாள். பெபிஷா ஒரு வாரத்தில் பத்துச் சொல் வாசித்தாள். புதிய சி.டி.யைக் கல்வி அலுவலகத்தில் கொடுத்தபோது, ஒப்புதல் பெற்றது பழையதுதான், மாற்ற வேண்டுமானால் மனுக் கொடுங்கள் என்றார்கள். கொடுத்தாள். மூன்று மனுவுக்கும் பதிலில்லை.

அடுத்த ஜூனில் ஆசிரியர் பயிற்சி. அறுபது பேர் உட்கார்ந்திருந்த ஹாலில் பயிற்றுநர் திரையைப் போட்டார். "மாதிரிப் பாடம். கேட்டு அப்படியே சொல்லுங்க." ஒலிபெருக்கியில் அஜிதாவின் குரல், "ந... க... ம்" என்றது. அறுபது பேரும் பிள்ளைகளைப் போல அதைத் திருப்பிச் சொன்னார்கள்.

அஜிதா எழுந்துவிட்டாள். "நிறுத்துங்க சார். அது தப்பு."

"கேள்வியெல்லாம் கடைசில கேளுங்க டீச்சர்."

"கேள்வி இல்ல சார். அது எனக்க குரலு. நான்தான் தப்பாப் பதிஞ்சேன். சரியானத குடுத்து நாலு மாசமாச்சு, ஒருத்தரும் மாத்தல்ல." பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். முன்வரிசையிலிருந்த வியாகுலம்மாள் திரும்பிப் பார்க்கவேயில்லை.

"சாப்பாட்டுக்கு அப்புறம் பாக்கலாம்" என்றார் பயிற்றுநர். சாப்பாட்டுக்கு அப்புறம் கை கழுவும் முறை பற்றிப் பேச்சு தொடங்கியது.

தேநீர் இடைவேளையில் குலசேகரத்து ஆசிரியர் கிருஷ்ணமணி ஒரு பென்டிரைவோடு வந்தார். "புதுசு கையில இருக்கா டீச்சர்? எனக்க கிளாஸ்ல ஒரு பிள்ளைக்கு இதக் கேட்டு உள்ளதும் மறந்து போச்சு. நான் அவளத்தான் திட்டினேன்."

லேப்டாப் வீட்டில் இருந்தது. அஜிதாவுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. "விலாசம் எழுதுங்க சார், நாளைக்கே அனுப்புறேன்" என்று நோட்டை நீட்டினாள். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் பேனாவோடு நின்றார்கள்.