கடுக்காய்க் கறை

ஜவ்வாது மலையில் தேர்தல் வேலை என்றதுமே ராஜவேலுவுக்கு முகம் சுண்டிவிட்டது. போளூரில் வேதியியல் பாடம் எடுக்கிற வாத்தியார் அவர். எண்பதாம் வருடத்து மார்கழிக் குளிரில், ஓட்டுப்பெட்டியோடு ஜீப்பில் குலுங்கிக் குலுங்கி மேலே வந்து சேர்ந்ததில் இடுப்பு கழன்றுபோயிருந்தது. மலைப் பள்ளிக்கூடத்தின் ஒற்றை அறைதான் வாக்குச்சாவடி. அதற்குத் தலைவர் இவர்தான்.

கதவைத் திறந்ததும் முதல் ஆளாக வந்தவள் மாதம்மாள். மை வைக்க இடது கையை நீட்டச் சொன்னார்கள். நீட்டினாள். ஆள்காட்டி விரல் நகத்தோடு சேர்த்துக் கன்னங்கரேலென்று இருந்தது.

"சார், இது செல்லாது," என்று துள்ளி எழுந்தான் லட்சுமணன், கீழேயிருந்து வந்த கட்சி ஏஜெண்ட். "ஏற்கெனவே மை வெச்ச விரலு. எங்கியோ போட்டுட்டு வந்திருக்குது."

"இன்னாங்க அநியாயமா கீது! கடுக்கா உடைச்ச கைங்க இது," என்றாள் மாதம்மாள். "அருவாளால உடைச்சு உடைச்சு எங்க எல்லார் கையும் இப்டிதான். போன தபா நான் வர்றதுக்குள்ள எவளோ என் பேர்ல போட்டுட்டுப் போய்ட்டா. இந்தத் தபாவும் வுடமாட்டீங்களா?"

ராஜவேலு வாசலை எட்டிப் பார்த்தார். வரிசையில் நின்ற அத்தனை கைகளும் கறுப்பு. சட்டப்படி பார்த்தால் மலையையே திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

அவர் அந்த விரலையே பார்த்தார். கடுக்காய்ச் சாறு பழுப்பு. அரிவாள் சாம்பல் நிறம். அப்படியானால் இந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது? 'இரண்டு பொருள்கள் வினைபுரிந்தால் புதிதாக ஒன்று பிறக்கும், அதில் பழைய நிறமும் இருக்காது, பழைய குணமும் இருக்காது' என்று வருஷா வருஷம் பிள்ளைகளிடம் ஒப்பிக்கிறவர் அவர். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து பெற்ற பிள்ளை இது. புளிப்பு பட்டால் இந்தக் கறுப்பு கலையும். ஓட்டு மையோ வெள்ளி உப்பு. தோலைப் பிடித்துக்கொண்டால் எந்தப் புளிப்புக்கும் அசையாது. புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. செய்து பார்த்தவர் யார்?

"ஏம்மா, புளி போட்டுத் தேய்ச்சுப் பாருங்க. கறுப்பு போச்சுன்னா ஓட்டு போடலாம்."

"போவலேன்னா?"

"திரும்பித்தான் போகணும்."

மாதம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "கொண்டாங்க," என்றாள்.

உதவியாளர் கோபால் முற்றத்துப் புளியமரத்திலிருந்து நாலு காய் பறித்து வந்தார். லட்சுமணனும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். அவள் காயின் சதையை நசுக்கித் தண்ணீர் விட்டுத் தேய்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. லட்சுமணன் உதட்டோரத்தில் சிரித்தான். ராஜவேலு, தன் அரைகுறைப் படிப்பை நம்பி ஒருத்தியின் ஓட்டைப் பணயம் வைத்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அவள் விடவில்லை. தேய்க்கத் தேய்க்க விரலிலிருந்து கலங்கலாக நீர் வடிந்தது. கறுப்பு மங்கிப் பழுப்பானது. பிறகு ரேகைகள் தெரிந்தன. கடைசியில் சுருக்கம் விழுந்த சொந்தத் தோல் வந்தது.

லட்சுமணன் குனிந்து பார்த்தான், விரலைத் திருப்பியும் பார்த்தான். "சரி சார், போடட்டும்," என்று போய் உட்கார்ந்துகொண்டான்.

சேதி வெளியே போனதுதான் தாமதம், வரிசை மொத்தமும் புளியமரத்தடிக்கு ஓடியது. ஆளாளுக்குக் காயை நசுக்கித் தேய்த்துக்கொண்டே திரும்பி வந்து நின்றார்கள். இத்தனை வருஷத்தில் ராஜவேலு எடுத்த எந்த வகுப்பும் இவ்வளவு உருப்படியாக நடந்ததில்லை. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மாதம்மாளின் விரலில் ஊதா மையை வைத்தார்கள். மறைப்புக்குள் போய் முத்திரை குத்தி, சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டாள். "வெயில்ல காட்டுங்கம்மா, கறுக்கும்," என்றார் ராஜவேலு.

அவள் வெளியே வெயிலில் விரலை நீட்டியபடி நின்றாள். மை கறுத்து வந்தது. கீழே கிடந்த புளியங்காயை எடுத்து நசுக்கி அதன்மேல் அழுத்தித் தேய்த்தாள். போகவில்லை. இன்னொரு தரம் தேய்த்தாள்.

"பாருங்கடி," என்று விரலைத் தூக்கி வரிசைக்குக் காட்டினாள். "இது போவமாட்டேங்குது!"