வாய்க்காலைத் தாண்டிய வீடு

மூன்றாவது தடவை சம்மன் ஒட்டப் போனபோதும் சர்வேயரின் வீடு எழுந்து, வாய்க்காலைத் தாண்டி, அந்தக் கரையில் போய் உட்கார்ந்துகொண்டது. முதல் தடவை காலை பத்தேகாலுக்குத் தாண்டியது. இரண்டாம் தடவை பதினொன்றுக்கு. இரண்டு தடவையும் கோர்ட்டு ஆள் போன பிறகு திரும்பி வந்துவிட்டது. மூன்றாம் தடவை, சம்மன் சேர்ப்பிக்கிற கோர்ட்டு ஊழியரான அமீனாவைப் பசை டப்பாவின் மூடியைத் திறக்கக்கூட விடவில்லை. பெரிய மாளிகை ஒன்றும் இல்லை, ஓட்டு வீடுதான். முன்னால் ஓர் அறை, நடுவில் கூடம், பின்னால் ஓர் அறை. கொடியில் காய்ந்த துணி கலையாமல், அடுப்பில் இருந்த பால் தளும்பாமல், நிதானமாகத் தாண்டி, இந்த முறை அங்கேயே தங்கிவிட்டது. அமீனா கோர்ட்டுக்குத் திரும்பி, 'வீடு எல்லையை விட்டுப் போய்விட்டபடியால் சம்மனைச் சேர்ப்பிக்க முடியவில்லை' என்று எழுதிக் கொடுத்தார். தலைமை எழுத்தர் அதை இரண்டு முறை படித்துவிட்டுத் தேதியை மட்டும் திருத்தினார்.

இருபத்திரண்டு வருட வேலையில் அமீனா ஒரு சம்மனைக்கூடத் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை கையில் கொடுத்திருக்கிறார், பல் பிடுங்கும் நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருந்தவர் மடியில் வைத்திருக்கிறார். அப்பேர்ப்பட்டவருக்கு ஓர் ஓட்டு வீடு தண்ணி காட்டுகிறதே என்று வயிறு எரிந்தது. அதைவிட, வழக்குப் போட்ட தையல்கார அக்காவை நினைத்தால் நெஞ்சைப் பிசைந்தது. வக்கீல்களின் கறுப்பு கவுன்களையெல்லாம் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் உட்கார்ந்து தைப்பது அந்த அக்காதான். சர்வேயருக்கு உடன்பிறந்த ஒரே தங்கச்சி. அதே சந்தில் வாடகைக்கு இருந்த மாடியை இடிக்கப்போவதாகச் சொல்லி, இந்த மாசக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். ஒண்டிக்கொள்ள வேறு இடம் கிடையாது. அம்மா கண்ணை மூடுவதற்கு முன்னால் பின்னறை உனக்குத்தான் என்று சொல்லியிருந்தார். அண்ணனோ அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று சாதித்தார்.

அண்ணன் தங்கச்சி சண்டைக்கு மூலம் ஒரு கோட்டு. அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளுக்கென்று அவள் தைத்துக் கொடுத்தது. இடது கை அரை அங்குலம் குட்டை என்றார் அவர். கோட்டு சரிதான், கைதான் நீளம் என்றாள் அவள். முப்பத்தைந்து வருஷம் சங்கிலி பிடித்து ஊரை அளந்த மனிதருக்கு அது பொறுக்கவில்லை. அளவு தப்பாக ஒரு பேச்சைக் கேட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பேருந்தில் யாராவது அடுத்த ஊர் ஆறு கிலோமீட்டர் என்று சொன்னால், இறங்கிப் போகிறவரைக் கூப்பிட்டு ஐந்தே முக்கால் என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவர்கள் நான்கு வருஷமாக முகம் பார்க்கவில்லை.

வழக்கு முதல் நாள் வந்தபோதே ஜட்ஜம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிலம், வீடு என்றால் அது எந்தக் கோர்ட்டின் எல்லைக்குள் இருக்கிறதோ அந்தக் கோர்ட்டு விசாரிக்கலாம், அதில் குழப்பம் இல்லை. ஆனால் அது ஓர் இடத்தில் நிற்க வேண்டாமா? "இருக்கிற இடத்துல இருந்தா இடத்தைப் பிடிக்கலாம். இது நடக்குதே. அப்போ ஆளைத்தான் பிடிக்கணும்" என்றார். எல்லை அந்த வாய்க்கால். இந்தக் கரையில் இருப்பவர்களைத்தான் இந்தக் கோர்ட்டு கேள்வி கேட்க முடியும். அந்தக் கரைக்கு வேறு கோர்ட்டு. அங்கே ஒன்பது வருஷமாக ஜட்ஜ் இல்லை, நாற்காலியில் புறா குஞ்சு பொரித்திருந்தது. அங்கே போய் வழக்குப் போடுவதும் கிணற்றில் போடுவதும் ஒன்றுதான்.

ஆளைப் பிடிப்பதற்கு என்னென்ன வழி என்று அக்காவின் வக்கீல் அமீனாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். அவர் இந்தக் கரையில் கால் வைத்த நிமிஷம் கையில் சம்மனைத் திணித்துவிட்டால் போதும், பொடி வாங்க வந்திருந்தாலும் சரி. இல்லையென்றால் இந்தக் கரையோடு அவர் தானாக வைத்துக்கொண்ட தொடர்பு ஏதாவது வேண்டும், கொடுக்கல் வாங்கல், ஒப்பந்தம், அந்த மாதிரி. அமீனா இரண்டு வாரம் நடைபாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து நின்றார். சர்வேயர் தினமும் சாயங்காலம் பாலத்தின் மேல் நடந்து வருவார், நடுப்பலகைக்குச் சரியாக ஒரு சாண் முன்னால் நிற்பார், வணக்கம் வைப்பார், திரும்பிப் போவார். அந்த எல்லையை அளந்து கல் நட்டதே அவர்தான், அவரிடம் போய் யார் வாதாட முடியும்? தலைமுடி வெட்டிக்கொள்வது, பென்ஷன் வாங்குவது, மருந்து வாங்குவது எல்லாம் அக்கரையில். இக்கரையோடு அவருக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை, ஒரு பூனையைத் தவிர.

பூனை தினமும் காலையில் வாய்க்காலைத் தாண்டி இந்தக் கரை மீன் கடைக்கு வந்தது. அடுத்த வாய்தாவில் வக்கீல் அந்தப் பூனையைப் பிடித்துக்கொண்டார். சர்வேயரின் பூனை நாள் தவறாமல் நம் எல்லைக்குள் வந்து நம் ஊர் மீனைத் தின்கிறது, அந்த நன்மை பூனையை வளர்க்கிற சர்வேயருக்கும் சேர்கிறது, ஆகவே அவர் நம் கோர்ட்டுக்குக் கட்டுப்பட்டவர் என்று ஒரு மணி நேரம் வெளுத்து வாங்கினார். அமீனா கூண்டில் ஏறி, பூனை வந்தது உண்மை, தலையும் வாலும் தின்றது உண்மை என்று சாட்சி சொன்னார். ஜட்ஜம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: "அவர் அனுப்பினாரா, அதுவா வந்துச்சா?" அமீனா பொய் சொல்லத் தெரியாதவர். அதுவாகத்தான் வந்தது என்றார். தானாக வந்த பூனைக்காக ஒரு மனிதனைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது என்று தீர்ப்பாயிற்று. படி இறங்கும்போது அமீனாவுக்கு அக்காவின் முகத்தைப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. மாசம் முடிய ஒன்பது நாள்தான் இருந்தது.

அதற்கு மறுவாரம் சர்வேயரே ஒரு மனுப் போட்டார். இந்தக் கோர்ட்டுக்கு என்மேல் அதிகாரம் இல்லை, அதை நேரில் வந்து சொல்ல அனுமதிக்க வேண்டும் என்று. அப்படி ஒரு வழக்கம் உண்டு. அதிகாரம் இல்லை என்று சொல்வதற்காக மட்டும் வருகிறவரை, வந்ததை வைத்துப் பிடிக்கக் கூடாது. அன்றைக்கு அமீனா பசை டப்பாவையும் சம்மனையும் எழுத்தர் மேசையில் வைத்துவிட்டுக் கைகட்டி நிற்க வேண்டியதாயிற்று. கை நமநமத்தது.

ஜட்ஜம்மா தெளிவாகவே சொன்னார். "எல்லையைப் பத்தி மட்டும் பேசுங்க. வழக்கைப் பத்தி ஒரு வார்த்தை வாயைத் திறந்தீங்கன்னா நீங்க எங்களுக்குக் கட்டுப்பட்டதா அர்த்தம். புரிஞ்சுதா?" சர்வேயர் புரிந்தது என்றார். வரைபடங்களை விரித்து நாற்பது நிமிஷம் பேசினார். வாய்க்காலின் நடுக்கோடு, எல்லைக் கல், வெள்ளத்தில் கரை நகர்ந்த கணக்கு, ஒன்றிலும் குறை சொல்ல முடியாது. எழுத்தரே தலையாட்டினார். அமீனாவுக்கு வழக்கு முடிந்தது என்று புரிந்துவிட்டது. சம்பிரதாயத்துக்காக ஜட்ஜம்மா அக்காவைப் பார்த்து, ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார்.

அக்கா எழுந்தாள். அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை. "பெரிசா ஒண்ணும் இல்லம்மா. நான் கேக்கறது ஒரு சின்ன ரூம். பத்துக்கு எட்டு. ஒரே ஒரு ஜன்னல்."

சர்வேயர் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கை நின்றது. உதட்டைக் கடித்தார், கூரையைப் பார்த்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார். கோர்ட்டில் இருந்த நாற்பது பேருக்கும் அவர் தொண்டையில் அந்த அளவு ஏறி இறங்குவது தெரிந்தது. ஜட்ஜம்மாவே, போகலாம் போங்க என்று சொல்லி அவரைக் காப்பாற்றப் பார்த்தார். வாசல்வரை போனார். அங்கே முடியவில்லை.

"பத்துக்கு ஒன்பதரை" என்றார் திரும்பி. "ஜன்னல் ரெண்டு. உன் மிஷினுக்கு இடது பக்கத்துல இருந்து வெளிச்சம் வேணும்னு அம்மாதானே சுவரை ஒண்ணரை அடி தள்ளிக் கட்டச் சொன்னாங்க. நான்தான் நின்னு அளந்து கட்டினேன். எட்டாம், எட்டு."

எழுத்தரின் தட்டச்சு அதையும் அடித்து முடித்து நின்றது. சர்வேயர் தாம் சொன்னதைத் தாமே ஒரு முறை மனசுக்குள் அளந்து பார்த்தார், பிறகு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அழுதார் என்றுதான் அமீனா இன்றைக்கும் சொல்கிறார். ஜட்ஜம்மா, எதிர்வாதி வழக்குக்குள் வந்துவிட்டார், இந்தக் கோர்ட்டு அவரை விசாரிக்கலாம், ஆனால் இனி விசாரிக்க என்ன இருக்கிறது என்று எழுதினார். எழுதி முடிப்பதற்குள் வெளியே சைக்கிள் மணிகள் கேட்டன. வீடு வாய்க்காலைத் தாண்டிக் கடைவீதி வழியாக வந்துகொண்டிருந்தது. மீன் கடைப் பந்தலை இடிக்காமல் ஒதுங்கி, கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தின் முனையில், பாதி தெருவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. பின்னறைக் கதவு அக்காவின் மாடிப்படியைப் பார்த்தபடி இருந்தது. தையல் மிஷினைத் தூக்கிப்போக ஏழு அடிதான் நடக்க வேண்டியிருந்தது. ஆறே முக்கால் என்றார் சர்வேயர்.

அது நடந்து பதினோரு வருஷம் ஆகிறது. மாடியை இடித்தார்கள், புதிதாகக் கட்டினார்கள், ஜட்ஜம்மா மாற்றலாகிப் போனார். நகராட்சிக்காரர்கள் தெருவை அடைத்திருக்கிற வீட்டை அகற்றச் சொல்லி இரண்டு முறை நோட்டீஸ் கொடுத்தார்கள். வீட்டைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்டுவிட்டு அதோடு விட்டுவிட்டார்கள். அண்ணனும் தங்கச்சியும் முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவில் கூடத்தில் உட்கார்ந்து தினமும் ஏதாவது ஓர் அளவுக்குச் சண்டை போடுகிறார்கள், பிறகு சேர்ந்து சாப்பிடுகிறார்கள்.

அமீனா ஓய்வு பெறுகிற சமயம் கோட்டுக்கு அளவு கொடுக்கப் பின்னறைக்குப் போனார். ரொம்ப நாளாக மனசில் உறுத்திக்கொண்டிருந்ததை அன்றைக்குக் கேட்டே விட்டார். ஊரில் எல்லாருடைய தோளும் மார்பும் நூல் பிசகாமல் ஞாபகம் வைத்திருக்கிறவங்க, பிறந்து வளர்ந்த வீட்டு ரூமை எப்படி அக்கா ஒன்றரை அடி விட்டுட்டீங்க?

அக்கா வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்தாள். "ரூமோட அளவு யாருக்கு வேணும்?" என்றாள். "என் அண்ணனை அளந்து வச்சிருந்தேன்." பிறகு, கையை நேராக நீட்டச் சொன்னாள். வெளியே நாலரை மணிப் பேருந்து ஹாரன் அடித்து, வேகத்தைக் குறைத்து, வழக்கம்போல வீட்டைச் சுற்றிக்கொண்டு போனது.