தோட்டத்துத் தண்ணீர்

மூன்றாவது முறையாகக் கார் கோம்பை ஊருக்கு அருகே நின்றுபோனபோது, மெர்லினுக்கு முதலில் ஞாபகம் வந்தது கணவர் ஆரோக்கியசெல்வத்தின் சொல்தான். "இன்னொரு தடவ நின்னுச்சு, வித்துப்புடுவேன்." அண்ணன் தம்பிகள் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். சொன்ன சொல்லை விழுங்கிப் பழக்கமில்லாத மனிதர்.

இப்போது உத்தமபாளையம் பட்டறையில், விற்பதற்காகவே அதைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். காமயகவுண்டன்பட்டியிலிருந்து, அவள் பாடம் நடத்தும் தேவாரத்துப் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை அந்தக் காருக்குள் யாரும் அவளைக் கூப்பிடமாட்டார்கள். நாளில் அவளுக்கென்று இருந்தது அந்த நேரம் மட்டும்தான். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அதனால்தான் ரேடியேட்டரில் தண்ணீர் குறைவதைக் கண்டும் வாய் திறக்காமல், தினமும் மதியம் பாட்டில் குடிநீரை ஊற்றிவந்தாள். காலையில் பார்த்தால், பயந்த அளவுக்குக் குறைந்திருக்காது. அந்தோணியாருக்கு நன்றி சொல்லிக்கொள்வாள்.

மெக்கானிக் ஈஸ்வரபாண்டி பழைய வாட்டர் பம்பைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பினான். துருவின் மேல் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளையாகப் படிந்திருந்தது.

"யாருண்ணே உப்புத்தண்ணி ஊத்துனது? கடல்லயா ஓட்டுனீக?"

பாட்டில் தண்ணீரில் உப்பு ஏது? கரிப்பது அவர்களுடைய திராட்சைத் தோட்டத்துப் போர்வெல் தண்ணீர். ராத்திரியில் காரை நிறுத்துவதும் தோட்டத்து மோட்டார் ரூமை ஒட்டித்தான். அவள் கணவரைப் பார்த்தாள். அவர் சுவரிலிருந்த டயர் விளம்பரத்தை வெகு அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

ஈஸ்வரபாண்டி புதுப் பம்பை மாட்டிப் பச்சைக் கூலன்ட்டை ஊற்றினான். "உள்ள காத்து நிக்கும். மூடியத் தொறந்து வச்சு இஞ்சின ஓடவிட்டாத்தான் வெளியேறும். ஹீட்டரையும் போடுங்க டீச்சர். அண்ணே, நீங்களும் ஏறுங்க. வெந்து எறங்குங்க."

பங்குனி வெயிலில் ஹீட்டர். இருவருக்கும் வியர்த்து வழிந்தது.

"எப்ப ஊத்துனீக?" என்றாள், முன்னால் பார்த்தபடியே.

அவர் ஹீட்டர் காற்றைத் தன் பக்கமிருந்து திருப்பிவிட்டார்.

"ராத்திரி மோட்டார் போடப் போறப்ப," என்றார். "நின்னாத்தானே விக்கணும். நிக்காம ஓடுனா எதுக்கு விக்கணும்?"

இத்தனை வருடமும் தன் சொல்லைக் காப்பாற்றுகிறவரைத்தான் பார்த்திருக்கிறாள். அதே சொல்லுக்குப் பயந்து, இருட்டில் வாளியைத் தூக்கிக்கொண்டு போகிறவரை இன்றுதான் பார்க்கிறாள். சிரிப்பு வந்தது. சிரித்தால் பழைய ஆளாகிவிடுவார் என்று அடக்கிக்கொண்டாள்.

"நானும் ஊத்துனேன்."

"தெரியும். காலி பாட்டிலெல்லாம் டிக்கிலதானே கெடக்கு."

ரேடியேட்டரில் குமிழி வருவது நின்றது. ஈஸ்வரபாண்டி மூடியைத் திருகிவிட்டு ஜன்னலுக்கு வந்தான்.

"அண்ணே, வண்டி கேட்டாகளே, சின்னமனூர்க்காரக. அவுகள வரச் சொல்லவா?"

ஆரோக்கியசெல்வம் துண்டால் கழுத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"வேணாம்னு சொல்லிரு. எங்கண்ணன் கேட்டா, வெல படியலன்னு சொல்லிக்கிறேன்."

"இன்னும் வெலையே பேசலயேண்ணே."

"பேசாட்டி எப்பிடிறா படியும்?"