அட்டை கடிக்காத கட்டைவிரல்

என் அக்கா புருஷன் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர். வளைதசைப் புழுக்களில் பெரிய புள்ளி. மண்புழு, அட்டை, கடலடியில் மயிலிறகுபோல் கொண்டை விரித்து நிற்கும் புழு என்று அந்தக் குடும்பத்தில் அவருக்குத் தெரியாத உறுப்பினர் கிடையாது. கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரர் அகப்பட்டால் போதும், "அட்டை உடம்புல எத்தனை கண்டம், அதான் வளையம், தெரியுமா?" என்று பிடித்துக்கொள்வார். முப்பத்துமூன்று. எங்கள் குடும்பத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

ஆனால் அவர் பழகிய புழுக்கள் எல்லாம் கண்ணாடிக் குப்பியில் ஸ்பிரிட்டில் மிதப்பவை. முப்பது வருடத்தில் ஒன்றுகூட அவரை எதிர்த்துப் பேசியதில்லை.

அக்கா துணி கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஐம்பது அடுக்குத் துணியை இடது கையால் அழுத்திப் பிடித்து வலது கையால் மெஷினை ஓட்டுபவள். போன மாதம் மெஷின் துணியோடு சேர்த்து இடது கட்டைவிரலையும் வெட்டிவிட்டது. டாக்டர் ஏழு மணி நேரம் நின்று விரலைத் தைத்து ஒட்டினார். மறுநாள் காலையில் அது கத்திரிக்காய் நிறத்தில் வீங்கிக் கிடந்தது.

"ரத்தம் உள்ள போற குழாய் நல்லா இருக்கு, வெளிய வர்ற குழாய்தான் நசுங்கிப்போச்சு. புதுசு முளைக்க அஞ்சாறு நாள் ஆகும். அதுவரைக்கும் தேங்குற ரத்தத்த அட்டை குடிக்கணும். சாயங்காலத்துக்குள்ள நிறம் மாறலேன்னா விரலை எடுக்க வேண்டியதுதான்" என்றார் டாக்டர்.

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டாள். கட்டைவிரல் இல்லாத கட்டிங் மாஸ்டரை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்?

மாமாவுக்கோ முகம் மலர்ந்துவிட்டது. உலகம் கடைசியில் அவர் துறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது! "மாப்ள, அதுக்கு மூணு தாடை. எச்சில்லயே மரமரப்பு மருந்து இருக்கு, ரத்தம் உறையாம இருக்கவும் மருந்து இருக்கு. நடமாடும் மருந்துக்கடைடா!"

நர்ஸ் ஜாடியோடு வந்தார். ஆஸ்பத்திரிக்கென்றே வளர்த்த அட்டைகள். ஒன்றை எடுத்து விரலில் விட்டார். அது தலையை நீட்டித் துழாவியது. சுடுசட்டியைத் தொட்டதுபோல் சுருண்டு விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது ஜாடிக்கே திரும்பப் பார்த்தது.

"வெளிச்சம் அதிகம்" என்றார் மாமா. விளக்கை அணைத்தோம். "பசி இல்ல போல" என்றார். அப்புறம், "இந்த இனமே கொஞ்சம் மந்தம்."

"அட்டைக்கே பிடிக்காத ரத்தமாடா என்னுது?" என்று அக்கா என்னிடம் கேட்டாள். சிரிக்கத்தான் பார்த்தாள், வரவில்லை.

நர்ஸ் குனிந்து விரலை முகர்ந்தார். "யாரு இதுல ஸ்பிரிட் போட்டது?"

நான் கூரையைப் பார்த்தேன். மாமாவின் சட்டைப் பையிலிருந்து ஈரப் பஞ்சு எட்டிப் பார்த்தது. அவருடைய புலமைக்கு வாய் மூடிக்கொள்ளத் தெரியாது. ஆனால் அன்றைக்கு உண்மையைச் சொல்லத் தெரிந்தது.

"நான்தான் சிஸ்டர். நீங்க வர்றதுக்கு முன்னாடி... லேப்ல எதைத் தொட்டாலும் அதாலதான் துடைப்பேன். சுத்தமா இருக்கட்டுமேன்னு..."

"சார், செத்த அட்டைக்குத்தான் ஸ்பிரிட் பிடிக்கும்."

வெதுவெதுப்பான தண்ணீரில் நாலு தடவை கழுவினார். கிண்ணத்தைப் பிடித்தது மாமாதான். அதிலும் பாதி அவர் வேட்டியில்தான் கொட்டியது. ஊசி முனையால் ஒரு குத்து. கருஞ்சொட்டு ஒன்று வந்தது. நாலாவது அட்டை மோந்து பார்த்தது, கவ்வியது.

"கடிச்சிருச்சா? எனக்கு ஒண்ணும் தெரியலயே!"

"விரல்ல உணர்ச்சி திரும்ப மாசக்கணக்காகும்க்கா" என்றார் நர்ஸ். " அது பாட்டுக்குக் குடிக்கட்டும்."

முக்கால் மணி நேரத்தில் அட்டை சுண்டுவிரல் பருமனாகித் தானாக விழுந்தது. கடிவாயில் ரத்தம் நிற்காமல் கசிந்தது, வேண்டியதும் அதுதான். சாயங்காலம் டாக்டர் வந்தபோது கத்திரிக்காய் ரோஜா நிறத்துக்கு வந்திருந்தது.

அட்டை இடம் மாறிப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளும் வேலையை நர்ஸ் மாமாவிடம் கொடுத்தார். ஐந்து நாள் கண் கொட்டாமல் பார்த்தார். கண்டம் எண்ணவில்லை. மூன்றாம் நாள் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "மாப்ள, இது குடிக்கும்போது உடம்பு முழுக்க அலை மாதிரி ஓடுது. நான் வகுப்புல வரையற படத்துல இதைப் போட்டதே இல்லடா."

ஆறாம் நாள் காலை நர்ஸ் விரலை அழுத்தி விட்டுப் பார்த்தார். வெளுத்த இடம் நிதானமாகச் சிவந்தது. ஊசியால் குத்தியதும் பளிச்சென்று செஞ்சொட்டு.

"இனிமே அட்டை வேண்டாம். விரல் உங்களுதுதான்."

மாமா கை கூப்பினார். "சிஸ்டர்..." என்றவருக்கு மேலே வரவில்லை.

"இவர் வாயை அடைக்க ஒரு விரல் செலவாகணும் போலடா" என்று அக்கா சிரித்தாள். கண்ணீர் காது வரைக்கும் ஓடியது. பிறகு நர்ஸிடம், "மிச்சம் இருக்கறதுகள நல்லாப் பாத்துக்கோங்க. இன்னும் யாராவது வருவாங்க" என்றாள்.

நர்ஸ் ஜாடியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். துணைவேந்தரே வந்தாலும் நாற்காலியைவிட்டு எழுந்திருக்காத மனிதர் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, ஜாடி போகும்வரை ஒதுங்கி நின்றார்.