ஐந்தில் ஒரு பங்கு மணல்

அந்தக் கண்ணாடிக் கால்வாயின் ஒவ்வொரு போல்ட்டும் தமயந்திக்குத் தெரியும். இருபது மீட்டர் நீளம். ஒரு முனையில் தண்ணீரோடு மணலும் வந்து விழும். நடுவில் பாலத் தூணுக்குப் பதிலாக ஓர் இரும்புக் குழாய் நிற்கும். வெள்ளம் தூணின் காலடியை எவ்வளவு ஆழம் பறிக்கும் என்று அங்கேதான் அளப்பார்கள். தங்கவயலிலிருந்து தினமும் ரயிலேறி பெங்களூர் வந்து, ஒன்பது வருடமாக அவள் செய்யும் வேலை அது. அதைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை இரண்டு முறை திரும்பி வந்திருந்தது.

ப்ரஹ்லாத் சேர்ந்து ஒன்றரை வருடம்தான். மல்லேஸ்வரத்துக்காரன், வெளிநாட்டில் படித்தவன். அதே கால்வாயில் நாற்பது சோதனை செய்து ஒரு சூத்திரம் கண்டுபிடித்துவிட்டான். நெதர்லாந்தில் பேச அழைப்பு வந்தது. துறைத்தலைவர் சேஷகிரி போகிற வருகிறவர்களிடமெல்லாம் கன்னடத்தில் அவன் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். இதில் அவளை அதிகம் வதைத்தது, அவன் நல்லவனாக இருந்ததுதான். "உங்களைக் கேக்காம நான் இந்த மெஷின்ல கையே வெக்கமாட்டேன் மேடம்" என்பான். கெட்டவனாக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருக்கலாம்.

மார்ச்சில் அவன் தன் முடிவுகளைத் துறையில் விளக்கினான். எல்லோரும் வளைகோட்டைப் பார்த்தார்கள். தமயந்தி குறையைத் தேடினாள். நிஜ ஆறுகளில் வெள்ளத்தின்போது அளந்த மூன்று புள்ளிகள் மட்டும் கோட்டில் உட்காரவில்லை. மூன்றுமே சூத்திரம் சொன்னதைவிட ஆழமாக இருந்தன.

"வெள்ளத்துல அளக்கறப்போ முன்ன பின்ன ஆகும்" என்றான் ப்ரஹ்லாத். சேஷகிரி தலையாட்டினார்.

முன்னே பின்னே ஆகுமென்றால் மூன்றும் எப்படி ஒரே பக்கம் தவறும்? கைதட்டல் ஓய்வதற்குள் அவள் எழுந்து ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். மணல் கொட்டும் இயந்திரத்துக்கு மேலே, எந்த வேகத்தில் எத்தனை கிலோ விழும் என்ற அட்டவணை சுவரில் ஒட்டியிருந்தது. பார்த்ததும் அவளுக்கு நினைவு வந்தது. போன வருடம், ப்ரஹ்லாத் தன் சோதனைகளைத் தொடங்கும் முன், அந்த இயந்திரத்தின் பல்சக்கரம் உடைந்தபோது, பொம்மசந்திராவில் ஒரு லேத் பட்டறையில் புதிது கடைந்து வந்து மாட்டியவள் அவள்தான். புதிய சக்கரம் ஐந்தில் ஒரு பங்கு மணலைக் கூடுதலாகக் கொட்டியது. அதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சுவரிலிருந்ததை மாற்றாமல் போனவள், பிறகு மறந்தே போனாள். ப்ரஹ்லாத் சுவரை நம்பியிருக்கிறான்.

மேலிருந்து மணல் அதிகம் வந்தால் தூணடியில் பறித்த பள்ளம் பாதி தூர்ந்துவிடும். அவன் அளந்த பள்ளங்களெல்லாம் ஆழம் குறைந்தவை. சூத்திரமே தப்பு.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை அவள் தன்னிடம் மறைக்கவில்லை. நெதர்லாந்தில் யாராவது எழுந்து கேட்கட்டும் என்று நினைத்தாள். தன் தவறும் இதில் இருக்கிறது என்ற பயம் பின்னால் வந்தது. இரண்டும் சேர்ந்து அவள் வாயை அடைத்தன. பன்னிரண்டு நாள் அவன் வாங்கிவந்த காபியைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

பதின்மூன்றாம் நாள் காலை லாவண்யா வந்தாள். தென்பெண்ணையில் கட்டப்போகும் ஒரு பாலத்துக்கு வரைபடம் போடும் பொறியாளர்.

"சார் ஃபார்முலாபடி பாத்தா அஸ்திவாரம் ஒன்றரை மீட்டர் கம்மி பண்ணலாம். அடுத்த வாரம் ட்ராயிங் அனுப்பிடறோம்" என்றாள்.

ப்ரஹ்லாத்தின் முகம் மலர்ந்தது. தமயந்தி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அனுப்பாதீங்க. அந்தக் கணக்கு தப்பு."

பல்சக்கரம், நோட்டு, சுவர் அட்டவணை எல்லாவற்றையும் சொன்னாள். லாவண்யா வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டாள். அவள் போனதும் ப்ரஹ்லாத் தமயந்தி பக்கம் திரும்பினான்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

இன்றைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். "உங்க செமினார் அன்னிக்கே" என்றாள்.

"பன்னெண்டு நாளா?"

"ஆமா."

"ஏன் மேடம்?"

"பொறாமை. வேற என்ன சொல்றது."

அவன் அவளுடைய நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு தன் அறைக்குப் போனான். நாற்பது சோதனைக்கும் கணக்கைத் திருத்த இரண்டு நாளாயிற்று. திருத்தியதும் கோடு இடம் மாறியது. அந்த மூன்று புள்ளிகளும் அதன்மேல் கச்சிதமாக உட்கார்ந்தன. முன்பு ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் பொருந்திய சூத்திரம் இப்போது ஆற்றுக்கும் பொருந்தியது. சேஷகிரி பூரித்துப்போனார். தப்பைக் காட்டிக்கொடுத்த தன் கையாலேயே அவனை இன்னும் ஒரு படி மேலே ஏற்றிவிட்டதைத் தமயந்தி பார்த்துக்கொண்டு நின்றாள். வயிறு எரிந்தது. பாலம் பிழைத்தது என்ற ஆறுதலும் அந்த எரிச்சலோடு கூடவே இருந்தது.

ப்ரஹ்லாத் அதன்பின் காபி கொண்டுவரவில்லை. தேவைக்குமேல் பேசவும் இல்லை. ஜூனில் கட்டுரையை மின்னஞ்சலில் அனுப்பினான். ஆசிரியர் பெயர்களில் அவன் பெயருக்கு அடுத்து அவள் பெயர் இருந்தது. கடிதத்தில் ஒரே வரி: சரிபார்த்துச் சொல்லுங்கள்.

எண்களை ஒன்றுவிடாமல் சரிபார்த்தாள். எங்கேயும் தப்பில்லை. பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி, இரண்டாவதாக இருந்த தன் பெயரையும் அதற்கு முன்னால் இருந்த பெயரையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று பதில் எழுதி அனுப்பிவிட்டு, கால்வாயில் தண்ணீர் திறக்கப் போனாள்.