ஜெசிந்தா தலையில் என் அரிப்பு

எங்கள் ஊரில் கல்யாணம் ஆனதும் கணவனின் தலை அரிப்பு மனைவி தலைக்கும், மனைவியுடையது கணவன் தலைக்கும் போய்விடும். பொடுகு மட்டும் அவரவர் தலையிலேயே இருக்கும். உறவு அற்றுப்போனால்தான் அரிப்பு சொந்தத் தலைக்குத் திரும்பும். இதெல்லாம் பெண் பார்க்கிறபோதே பேசிக்கொள்வதுதான்.

என் மனைவி ஜெசிந்தாவின் தலை துடைத்து வைத்த தட்டு மாதிரி. அதனால் எனக்கு ஒரு நாளும் அரித்ததில்லை. என் தலையோ, கேட்கவே வேண்டாம். நான் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்களுக்குக் கறுப்புக் கோட்டை மாட்டிவிடக் குனிந்தாலே அவர்கள் தோளெல்லாம் வெள்ளை விழும். பிரஷால் தட்டிவிட்டுப் படம் எடுப்பேன்.

வீட்டில் ஜெசிந்தா குழம்புக் கரண்டியின் காம்பால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பாள்.

"ஏங்க, உங்க தலைய டாக்டர்ட்ட காட்டுங்களேன். என்னால முடியல."

"வறண்டு கெடக்கு, அவ்வளவுதான். எண்ணெய் வச்சா சரியாப் போயிடும்."

வைத்தேன். காலையும் மாலையும் கை நிறையத் தேங்காய் எண்ணெய். பொடுகு தலையோடு ஒட்டிக்கொண்டது. கோட்டில் ஒன்றும் விழவில்லை. எனக்கோ அரிக்கவும் இல்லை. பிறகு நான் எதைத்தான் நம்புவது? "பாத்தியா, போயே போச்சு" என்று தலையைக் காட்டினேன். அவள் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் சொறிந்துகொண்டிருந்தாள். நகத்தில் ரத்தம் இருந்தது.

"நீங்க வேணும்னே பண்றீங்க" என்றாள்.

அன்று மாலை இன்னும் கொஞ்சம் எண்ணெய் வைத்தேன். அவளுக்காகத்தான் வைத்தேன், சத்தியமாக.

மறுநாள் கரூரில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். தூரம் போனால் அரிப்பு குறையாது என்பது அவளுக்கும் தெரியும்.

அதன் பிறகுதான் தோல் டாக்டரிடம் போனேன். அவர் முடியை விலக்கிப் பார்த்தார். "எண்ணெய் வைக்கிறது பொடுகுக்குச் சோறு போடுற மாதிரி. நிறுத்துங்க" என்றார். மருந்து ஷாம்பு எழுதிக் கொடுத்தார். வாரத்துக்கு இரண்டு தடவை. தேய்த்ததும் கழுவிவிடக் கூடாது, ஐந்து நிமிஷம் ஊற வேண்டும். ஊறுகிறவரை குளியலறை ஸ்டூலில் உட்கார்ந்து, இந்நேரம் அவளுக்குக் குளுகுளுவென்று இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அதில் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! முன்னமே செய்து தொலைத்திருக்கலாம். ஐந்து நிமிஷம்தானே, ஐயோ.

ஒரு மாதத்தில் தலை சுத்தமானது. போன் செய்தேன்.

"இப்ப அரிக்குதா?"

"இல்ல."

"அப்ப வந்துடேன்."

"ஞாயித்துக்கெழம கரூர் பஸ்ஸப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றேன். பஸ் வந்தது. எல்லோரும் இறங்கிய பிறகு கடைசியாக என் அரிப்பு இறங்கியது. பின்னால் யாரும் இல்லை. டிரைவர் கதவைச் சாத்தினார்.

"அவங்க வரலீங்க" என்றது அரிப்பு. "சொறிய வேணாம்னு சொல்லச் சொன்னாங்க. நகம் பட்டா புண்ணாயிடுமாம்."

தலையில் பொடுகு ஒரு துகள்கூட இல்லையே, இனி உனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. பாவம், கரூரிலிருந்து நின்றுகொண்டே வந்திருக்கிறது. தலையைக் குனிந்து கொடுத்தேன்.